உள்ளிக்கு வெங்காயம் என்ன முறை?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் உள்ளியும் (வெள்ளைப்பூண்டு) வெங்காயமும் பக்கத்தில் பக்கத்தில் குவிந்து கிடக்கும். உள்ளியை நறுக்கினால் மணம் கையை விட்டுப் போகாது. வெங்காயத்தை நறுக்கினால் கண் எரியும். இந்த இரண்டுக்கும் மூலமான சேர்வைகள் உள்ளியில் மிகுதியாக இருக்கும் அலீனும் வெங்காயத்தில் மிகுதியாக இருக்கும் ஐசோஅலீனும். இரண்டிலுமே ஆறு காபன், பதினொரு ஐதரசன், ஒரு நைதரசன், மூன்று ஒட்சிசன், ஒரு கந்தகம். அணுக்களின் எண்ணிக்கையில் இம்மியும் பிசகில்லை. வித்தியாசம் கந்தகத்தோடு தொடுத்திருக்கும் மூன்று காபன் வாலில் இருக்கிறது. அலீனில் இரட்டைப் பிணைப்பு வாலின் நுனியில் நிற்கிறது. ஐசோஅலீனில் அது கந்தகத்தை ஒட்டிய காபனிலேயே தொடங்கிவிடுகிறது.

கத்தி பட்டுக் கலங்கள் உடைந்ததும் ஒரு நொதியம் இவற்றைப் பிளக்கிறது. அலீனிலிருந்து வரும் துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து அலிசின் ஆகின்றன. உள்ளி மணம் என்று நாம் அறிவது அதைத்தான். ஐசோஅலீனிலிருந்து வரும் துண்டை வெங்காயத்தில் உள்ள இன்னொரு நொதியம் பிடித்து, கண்ணீர் வரவைக்கும் ஆவியாக மாற்றிவிடுகிறது. கண்ணீருக்கு முதல் நொதியமே போதும் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். இரண்டாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் வெளியிட்டார்கள். ஓர் இரட்டைப் பிணைப்பு ஒரு காபன் தள்ளி நிற்பதால் சமையலறையில் இவ்வளவு வேறுபாடு.

இப்படி ஒரே மூலக்கூற்றுச் சூத்திரத்தைக் கொண்ட வெவ்வேறு சேர்வைகளைச் சமபகுதியங்கள் என்கிறோம். உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் எல்லோருக்கும் வரைவிலக்கணம் தெரியும். சங்கிலி, தானம், தொழிற்பாட்டுக் கூட்டம், கேத்திரகணிதம், ஒளியியல் என்று வகைகளையும் கொப்பியில் வரிசையாக எழுதியிருப்பார்கள். ஆனால் வினாத்தாளில் இரண்டு கட்டமைப்புகளை அருகருகே வரைந்து, இவற்றுக்கிடையே என்ன தொடர்பு என்று கேட்டதும் பலருக்குப் பேனை நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் பிள்ளைகளின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. வகைகளின் பெயர்களை மனனம் செய்யக் கொடுக்கிறோம், கேட்க வேண்டிய கேள்விகளின் ஒழுங்கைக் கொடுப்பதில்லை.

முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று. சமபகுதியம் என்பது ஒரு தனி மூலக்கூறின் குணம் அல்ல, இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையிலான முறை. ஒருவரைத் தனியே நிறுத்தி இவர் மச்சானா என்று கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு மச்சான் என்று சொல்ல வேண்டும். அவரே இன்னொருவருக்குச் சித்தப்பாவாகவும் இருப்பார். சிஸ்-2-பியூட்டீன் அப்படித்தான் (சிஸ் என்றால் கூட்டங்கள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில், திரான்ஸ் என்றால் எதிர்ப்பக்கங்களில்). திரான்ஸ்-2-பியூட்டீனுக்கு அது திண்மச் சமபகுதியம் (தொடுப்பு ஒன்று, வெளியில் வைப்பு வேறு), 1-பியூட்டீனுக்குக் கட்டமைப்புச் சமபகுதியம் (தொடுப்பே வேறு), பியூட்டேனுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே "இது என்ன சமபகுதியம், சேர்?" என்ற கேள்விக்கு முன், எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

கேள்விகள் நான்குதான். ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றா? அணுக்கள் தொடுக்கப்பட்ட விதம் ஒன்றா? ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் அப்படியே பொருத்த முடியுமா? முடியாவிட்டால், ஒன்று மற்றதன் ஆடி விம்பமா? எந்த இடத்தில் பதில் கிடைக்கிறதோ அந்த இடத்தில் நின்றுவிடலாம். அலீனையும் ஐசோஅலீனையும் எடுத்தால் முதற் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. அதோடு வேலை முடிந்தது: இரட்டைப் பிணைப்பின் தானம் வேறுபட்ட கட்டமைப்புச் சமபகுதியங்கள். இரண்டிலும் ஒரு காபனும் கந்தகமும் கைரல் மையங்களாக, அதாவது ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரண்டு விதமாக அமையக்கூடிய அணுக்களாக, இருக்கின்றன. ஐசோஅலீனின் இரட்டைப் பிணைப்பு திரான்ஸ் வடிவில் இருக்கிறது. இவை உண்மைதான், ஆனால் இந்தச் சோடியின் முறையைச் சொல்ல எதுவும் தேவையில்லை. தொடுப்பே வேறு என்று தெரிந்த பிறகும் ஆர், எஸ் (அந்த இரண்டு விதங்களுக்கும் இடும் பெயர்கள்) பார்த்துக்கொண்டிருப்பதுதான் பரீட்சை மண்டபத்தில் நேரத்தை விழுங்குகிறது.

சூத்திரத்தை எண்ணுவது சின்ன வேலைபோலத் தோன்றும். கோட்டு வரைபடங்களில் ஐதரசன்கள் மறைந்திருப்பதால் பிழை இங்கேயே தொடங்கலாம். ஒவ்வோர் ஐதரசனாக எண்ணுவதை விட, வளையங்களையும் இரட்டைப் பிணைப்புகளையும் எண்ணுவது விரைவானது. ஒரு வளையம் இரண்டு ஐதரசனைக் குறைக்கும். ஓர் இரட்டைப் பிணைப்பும் இரண்டைக் குறைக்கும். மும்மைப் பிணைப்பு நான்கைக் குறைக்கும். எனவே காபனும் மற்றைய அணுக்களும் சமமாக இருக்கும் இரண்டு கட்டமைப்புகளில் இந்தக் கூட்டுத்தொகையும் சமமாக இருந்தால் சூத்திரம் ஒன்று. எக்சேனும் சைக்கிளோஎக்சேனும் சமபகுதியங்கள் அல்ல. சைக்கிளோஎக்சேனும் 1-எக்சீனும் சமபகுதியங்கள். ஒன்றில் வளையம், மற்றதில் இரட்டைப் பிணைப்பு, குறைந்த ஐதரசன்கள் இரண்டிலும் இரண்டுதான்.

இந்த எண்ணத்துக்கு வரலாற்றில் ஒரு பெரிய இடமுண்டு. வலிகாமத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்கு இடும் யூரியாவை 1828இல் பிரெடெரிக் வோலர் ஆய்வுகூடத்தில் பெற்றார். அமோனியம் சயனேற்றைப் பெற முயன்றவருக்குக் கிடைத்தது யூரியா. இரண்டிலும் ஒரு காபன், நான்கு ஐதரசன், இரண்டு நைதரசன், ஒரு ஒட்சிசன். சில ஆண்டுகளுக்கு முன்னரே, வோலர் ஆராய்ந்த வெள்ளிச் சயனேற்றும் லீபிக் ஆராய்ந்த, வெடிக்கும் வெள்ளிப் பல்மினேற்றும் ஒரே அமைப்பு விகிதம் காட்டியது பெரும் குழப்பத்தை உண்டாக்கியிருந்தது. ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் ஒரே பொருள்தானே என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கைவிட்டு, இத்தகைய சோடிகளுக்கு 1830இல் பேர்சீலியஸ் பொதுப்பெயர் சூட்டினார். எத்தனை அணு என்பதோடு, எது எதனோடு தொடுத்திருக்கிறது என்பதும் ஒரு பொருளைத் தீர்மானிக்கிறது என்ற தெளிவு அதற்குப் பின்னர்தான் மெல்ல வந்தது.

தொடுப்பைப் பார்க்கும் இரண்டாவது கேள்வியில்தான் கடதாசி நம்மை ஏமாற்றுகிறது. ஐந்து காபன் சங்கிலியை நேராக வரையலாம், வளைத்து வரையலாம், மூலையில் திருப்பி வரையலாம். எல்லாமே பென்ரேன். ஒரு மெதைல் கூட்டத்தை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும், இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் 2-மெதைல்பியூட்டேன் 2-மெதைல்பியூட்டேன்தான். 3-மெதைல்பியூட்டேன் என்று எழுதினால் புதிய சேர்வை பிறந்துவிடாது. 2-எதைல்பியூட்டேன் என்று ஒன்றை வரைந்து பாருங்கள். மிக நீண்ட சங்கிலி ஐந்து காபன், அது 3-மெதைல்பென்ரேன். சந்தேகம் வந்தால் இரண்டு கட்டமைப்புக்கும் முறைப்படி ஐயூபிஏசி பெயர் எழுதுவதே நம்பகமான வழி. பெயரை எழுதப் பஞ்சிப்பட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்வதை நான் ஒருபோதும் ஊக்குவிப்பதில்லை. பியூட்டேனுக்கு இரண்டு, பென்ரேனுக்கு மூன்று, எக்சேனுக்கு ஐந்து கட்டமைப்புகள். பத்துக் காபன் அற்கேனுக்கு 75. இருபது காபனுக்கு 366,319. கண் இவற்றைத் தாங்காது.

தொடுப்பு வேறானால் தொழிற்பாட்டுக் கூட்டமே மாறிவிடலாம். எதனோலும் இருமெதைல் ஈதரும் ஒரே சூத்திரம். எதனோல் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈதர் மறை 25 அளவிலேயே கொதித்துவிடும், யாழ்ப்பாணத்து அறையில் அது வாயுதான். ஏழு காபன், எட்டு ஐதரசன், ஒரு ஒட்சிசனோடு பென்சீன் வளையம் கொண்ட சேர்வைகளைத் தேடினால் ஐந்து கிடைக்கும்: பென்சைல் அற்ககோல், மெதொட்சிபென்சீன், மூன்று மெதைல்பீனோல்கள். இவற்றில் மூன்று மெதைல்பீனோல்களும் நீர்ச் சோடியம் ஐதரொட்சைட்டில் கரையும். மற்றைய இரண்டும் அப்படிக் கரையா. அந்த மூன்றுக்கும் தங்களுக்குள் தானச் சமபகுதிய முறை. மெதொட்சிபென்சீனோடு தொழிற்பாட்டுக் கூட்ட முறை.

பனையிலிருந்து இறக்கும் கருப்பநீரும் இதற்கு உதாரணம் தரும். அதில் முதன்மையான வெல்லம் சுக்குரோசு. முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகும். பூசினால் காய்ச்சிப் பனங்கட்டி எடுக்கலாம். சுக்குரோசை அமிலத்தோடு சூடாக்கினால் அது குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளவுபடும். இரண்டுக்கும் ஒரே சூத்திரம்: ஆறு காபன், பன்னிரண்டு ஐதரசன், ஆறு ஒட்சிசன். ஆனால் திறந்த சங்கிலியில் குளுக்கோசு அல்டிகைட்டு, பிரற்றோசு கீற்றோன். எனவே இவை கட்டமைப்புச் சமபகுதியங்கள். பிளவு நடப்பதை ஒளியை வைத்தே பின்தொடரலாம். தளமுனைவாக்கிய ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, சுக்குரோசுக் கரைசல் வலப்புறம் திருப்பும். பிரற்றோசு இடப்புறம் பலமாகத் திருப்புவதால், பிளவு முடிந்த கலவை மொத்தத்தில் இடப்புறம் திருப்பும்.

தொடுப்பும் ஒன்று என்றால் மூன்றாவது கேள்விக்கு வருகிறோம், வெளியில் வைப்பு எப்படி என்பதற்கு. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திருப்பி மற்றதைப் பெற முடிந்தால் அது அதே சேர்வைதான். எதேனில் இந்தச் சுழற்சிக்குத் தடை மோலுக்கு 12 கிலோயூல் அளவுதான், அறைவெப்பநிலையில் மூலக்கூறு ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். பியூட்டேனின் வெவ்வேறு நியூமன் எறிவுகளை (ஒரு பிணைப்பின் நீளப்பாட்டில் நோக்கி வரையும் படங்கள்) பார்த்து வெவ்வேறு சேர்வை என்று சொல்லக்கூடாது. இரட்டைப் பிணைப்பில் கதை வேறு. அதைச் சுழற்ற மோலுக்கு 250 கிலோயூலுக்கும் மேல் வேண்டும், பிணைப்பின் ஒரு பகுதியையே உடைக்க வேண்டும். அதனால்தான் மலெயிக்கமிலமும் பியூமாரிக்கமிலமும் தனித்தனிப் போத்தல்களில் கிடைக்கின்றன. சிஸ் வடிவான மலெயிக்கமிலம் 140 பாகைக்குள் உருகும். திரான்ஸ் வடிவான பியூமாரிக்கமிலத்துக்கு 280ஐத் தாண்ட வேண்டும்.

ஆனால் இரட்டைப் பிணைப்பைக் கண்டவுடன் சிஸ், திரான்ஸ் என்று எழுதிவிடக்கூடாது. அதன் இரு முனைக் காபன்களிலும் தனித்தனியே இரண்டு வெவ்வேறு கூட்டங்கள் இருக்க வேண்டும். 1-பியூட்டீனில் ஒரு முனையில் இரண்டு ஐதரசன், அங்கே வழியில்லை. அலீனுக்கும் இதே காரணத்தால் சிஸ், திரான்ஸ் கிடையாது, ஐசோஅலீனுக்கு உண்டு.

இனி ஆடி விம்பம். ஒரு காபனில் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இருந்தால் அந்தக் காபனை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று மற்றதன் ஆடி விம்பம், எப்படித் திருப்பினாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. இந்தச் சோடியை இனான்சியோமர்கள் என்கிறோம். தொடுப்பு ஒன்றாகவும் வைப்பு வேறாகவும் இருந்து, ஆடி விம்பமாக இல்லாத சோடிகள் டயஸ்ரீரியோமர்கள். மலெயிக்கும் பியூமாரிக்கும் டயஸ்ரீரியோமர்களே. கேத்திரகணிதம் ஒரு பெட்டி, ஒளியியல் இன்னொரு பெட்டி என்று பிரித்துப் படிப்பதால் இந்த இணைப்பு மறைந்துபோகிறது.

இரண்டு வரைபடங்களை ஒப்பிட நான் விரும்பும் வழி இடமாற்றம். ஒரு மையத்தில் எந்த இரண்டு கூட்டங்களையும் ஒருமுறை மாற்றினால் எதிர் வடிவம் வரும்; இரண்டாம் முறை ஏதாவது இரண்டை மாற்றினால் பழைய வடிவம் திரும்பும். ஒரு படத்தை மற்றதாக மாற்ற எத்தனை இடமாற்றம் தேவை என்று எண்ணுங்கள். இரட்டை எண் என்றால் அதே சேர்வை, ஒற்றை எண் என்றால் எதிர் வடிவம். ஆர், எஸ் பெயரிட்டும் இதையே காணலாம். கான், இங்கோல்ட், பிரெலொக் மூவரின் முன்னுரிமை விதிகள் அதற்காகத்தான். இரண்டு மையங்கள் இருந்தால் எல்லா மையமும் எதிராகியிருக்கிறதா, சில மட்டும் எதிராகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் எதிரானால் இனான்சியோமர். சில மட்டும் என்றால் டயஸ்ரீரியோமர். இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது, அது வலிகாமத்து முந்திரிகை (திராட்சை) தோட்டத்திலும் பழப்புளி முட்டியிலும் உள்ள தாத்தாரிக்கமிலத்தில் அழகாகத் தெரியும்.

தாத்தாரிக்கமிலத்தின் நான்கு காபனில் நடு இரண்டும் கைரல் மையங்கள். இரண்டு மையத்துக்கு நான்கு வடிவங்கள் வரவேண்டும்: ஆர்-ஆர், எஸ்-எஸ், ஆர்-எஸ், எஸ்-ஆர். ஆனால் இரு மையங்களிலும் ஒரே நான்கு கூட்டங்கள் இருப்பதால் ஆர்-எஸ் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் எஸ்-ஆர் ஆகிவிடும். அவை ஒன்றேதான். மொத்தம் மூன்று. அந்த மூன்றாவதான மீசோ வடிவத்தில் ஒரு பாதி மற்றப் பாதியின் ஆடி விம்பம். ஒளியை ஒரு பாதி திருப்பியதை மற்றப் பாதி ஈடுசெய்துவிடும். பழப்புளியிலும் முந்திரிகையிலும் இயற்கையாக இருப்பது ஆர்-ஆர், ஒளியை வலப்புறம் திருப்புவது. அதுவும் எஸ்-எஸ் வடிவமும் 170 பாகைக்குச் சற்று மேலே, ஒரே வெப்பநிலையில் உருகும். மீசோ வடிவம் 150 பாகைக்குக் கீழே உருகிவிடும். முறையைச் சரியாகச் சொன்னால் பண்பையும் முன்கூட்டியே சொல்லலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இனான்சியோமர்களின் உருகுநிலையும் கரைதிறனும் ஒன்று, டயஸ்ரீரியோமர்களுடையவை வேறு.

1848இல் லூயி பாஸ்ரருக்கு வயது 25. ஒளியைத் திருப்பாத ஒருவகைத் தாத்தாரிக்கமிலத்தின் (மீசோ அல்ல, ஆர்-ஆரும் எஸ்-எஸ்ஸும் சமமாகக் கலந்தது) சோடியம் அமோனியம் உப்பைப் பளிங்காக்கிப் பார்த்தார். பளிங்குகளின் சின்னஞ்சிறு முகங்கள் சிலவற்றில் வலப்புறமும் சிலவற்றில் இடப்புறமும் சாய்ந்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கித் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலமாகவும் மற்றது அதே அளவு இடமாகவும் திருப்பின. இனான்சியோமர்களை மனிதக் கை பிரித்த முதல் நிகழ்வு அது. இந்த உப்பு அப்படி இரண்டு வகைப் பளிங்காகப் பிரிவது ஏறத்தாழ 27 பாகைக்குக் கீழேதான். அதற்கு மேலே இரண்டு வடிவங்களும் சேர்ந்து ஒரே பளிங்காகிவிடும். இதைச் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்கள் நம்மூர்ப் பகல் வெப்பத்தை நினைவில் வைக்க வேண்டும். குளிரூட்டிய அறை இல்லாமல் சித்திரை மாதத்தில் இது நடக்காது. பாரிசின் குளிர் பாஸ்ரருக்குத் துணை நின்றது.

ஏன் இப்படி என்ற விளக்கத்துக்கு இன்னும் 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று 1874இல் வான்ற் ஹொவ்வும் லெ பெல்லும் தனித்தனியே எழுதினார்கள். ஆகவே மூன்றாவது, நான்காவது கேள்விகளைத் தட்டையான படத்தில் தீர்க்க முயல்வது கஷ்டம். களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்கைக் குத்தி ஒரு சோடி செய்து கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு பின்னேரத்தில் விளங்குவது, கரும்பலகையில் ஒரு மாதத்திலும் விளங்காமல் போகலாம். வளையச் சேர்வைகளுக்கும் இது பொருந்தும். 1,4-இருமெதைல்சைக்கிளோஎக்சேனின் சிஸ், திரான்ஸ் வடிவங்களில் ஒரு கைரல் மையமும் இல்லை, ஆனாலும் அவை டயஸ்ரீரியோமர்கள். 1,2-இருமெதைல்சைக்கிளோபுரொப்பேனின் திரான்ஸ் வடிவம் இனான்சியோமர்ச் சோடியாக வரும், சிஸ் வடிவம் மீசோ.

நான்கு கேள்விகளையும் ஒருங்கே பயிற்சி செய்ய மூன்று வெல்லங்களைத் தருகிறேன். கருப்பநீரின் சுக்குரோசு, மாப்பொருளை நொதியம் உடைக்கும்போது வரும் மோல்ற்றோசு, செலுலோசை உடைக்கும்போது வரும் செலோபயோசு. மூன்றுக்கும் பன்னிரண்டு காபன், இருபத்திரண்டு ஐதரசன், பதினொரு ஒட்சிசன். சுக்குரோசில் குளுக்கோசும் பிரற்றோசும் இணைந்திருக்கின்றன, மோல்ற்றோசில் இரண்டு குளுக்கோசு. தொடுப்பு வேறு, ஆகவே இந்தச் சோடி கட்டமைப்புச் சமபகுதியங்கள். மோல்ற்றோசிலும் செலோபயோசிலும் ஒரு குளுக்கோசின் முதலாம் காபன் மற்றதன் நான்காம் காபனோடு ஒட்சிசன் வழியாகவே இணைகிறது. தொடுப்பு ஒன்று. ஆனால் மோல்ற்றோசில் அந்த இணைப்பு அல்பா, செலோபயோசில் பீற்றா. மற்றைய மையங்கள் மாறாமல் அந்த ஒரு மையம் மட்டும் எதிரானது. சில மையம் மட்டும் எதிர் என்றால் டயஸ்ரீரியோமர்.

உலர்த்திய பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் இருக்கும் மாப்பொருள் அல்பா இணைப்பால் நீண்டது. பனை ஓலையிலும் நாரிலும் இருக்கும் செலுலோசு பீற்றா இணைப்பால் நீண்டது. நம் உமிழ்நீரில் உள்ள அமிலேசு முதலாவதை வெட்டும், இரண்டாவதைத் தொடாது. ஒடியற்கூழ் நமக்குச் சீரணமாகிறது. கிழித்துப் போட்ட பனையோலை மாட்டுக்கு உணவாவதற்குக் காரணம் அதன் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகள். பீற்றா இணைப்பை வெட்டும் நொதியம் அவற்றிடம் இருக்கிறது.